விண்டோஸ் 7இல் இணையம்: ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வருகிறது, என்ன செய்யலாம்?

கயல்_அச்சு எழுதியது:

வணக்கம். புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். என் கணினி கோர் 2 டுவோ, 4 ஜிபி ரேம், 32 பிட் விண்டோஸ் 7. இதை மாற்றாமல் வைத்திருப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஏ3 அளவு ஸ்கேனர். அதற்கு 32 பிட் விண்டோஸ் 7 வரைக்கும்தான் டிரைவர் இருக்கிறது. இன்னொன்று, பேஜ்மேக்கர் 7இல் செய்த பழைய கோப்புகள். மறுபதிப்பு என்று யாராவது கேட்டால் திறந்தாக வேண்டும்.

மெயில், வங்கி, எல்லாமே இதே கணினியில்தான். சில மாதங்களாக ஒன்று மாற்றி ஒன்று தொல்லை. குரோம் 109க்கு மேல் ஏறவில்லை, "இனி அப்டேட் கிடைக்காது" என்று ஒரு பட்டை நிரந்தரமாக நிற்கிறது. சில தளங்கள் வெறும் வெள்ளைப் பக்கமாக வருகின்றன. மெயில் பிரவுசரில் திறக்கிறது, அவுட்லுக் 2010இல் இறங்க மறுக்கிறது. சில நாள் காலையில் கணினியைப் போட்டதும் எந்தத் தளத்துக்குப் போனாலும் சான்றிதழ் பிழை.

இதில் எது ஸ்கேனரை விட்டுவிடாமல் சரிசெய்யக்கூடியது, எதற்கு மருந்தே இல்லை என்று தெரிந்தால் போதும்.

மின்னல்வரி எழுதியது:

காலையில் அந்தப் பிழை வரும்போது கீழே மூலையில் தேதி என்ன காட்டுகிறது?

கயல்_அச்சு எழுதியது:

இப்போதுதான் பார்த்தேன். 2009 என்று இருக்கிறது!

பழுது_நீக்கி எழுதியது:

அம்மா, மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். மின்சாரம் துண்டித்த பிறகு கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது அதுதான். அது செத்தால் தேதி பயாஸ் (கணினியைக் கிளப்பும் அடிப்படை நிரல்) உருவான காலத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை செல்லும் என்று ஒரு காலம் உண்டு. உங்கள் கணினி 2009இல் இருந்தால் இன்றைய சான்றிதழ் எதுவும் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை.

இணைய நேரத்தோடு தானாகச் சேர்ந்துகொள்ளாதா என்று கேட்பீர்கள். வீட்டுக் கணினிகளில் விண்டோஸ் 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தானாகத் திருத்தாது. கையால் தேதியை வைத்தால்தான் உண்டு.

பழைய கணினியோடு வருகிறவர்களில் பாதிப் பேர் "இணையம் போச்சு" என்றுதான் வருகிறார்கள். முதலில் தேதியைப் பாருங்கள். ஆனால் உங்கள் பட்டியலில் இந்த ஒன்றுக்குத்தான் பேட்டரி மருந்து. மற்றவை வேறு வகை.

வேலன்_பிணையம் எழுதியது:

மற்றவற்றை நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 7க்குப் பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. நிறுவனங்கள் பணம் கட்டி வாங்கிய நீட்டிப்பும் 2023 ஜனவரி 10இல் முடிந்தது. குரோம் 109 வந்தது அதே ஜனவரியில். 110இலிருந்து விண்டோஸ் 10க்குக் கீழே எதிலும் ஏறாது. நீங்கள் பார்க்கும் பட்டை அதுதான்.

வெள்ளைப் பக்கம்: தளத்தை எழுதுகிறவர்கள் புதிய பிரவுசர்களின் வசதிகளை நம்பி எழுதுகிறார்கள். பழைய பிரவுசருக்குப் புரியாத ஒரு வரி வந்தால் அந்த ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். பக்கம் முழுவதையும் ஸ்கிரிப்ட்தான் வரைகிறது என்றால் மிஞ்சுவது வெள்ளை. இது கூடிக்கொண்டுதான் போகும்.

அவுட்லுக்: இது பலரைக் குழப்புகிறது, பிரவுசரில் வருகிறதே என்று. குரோமும் ஃபயர்பாக்ஸும் குறியாக்கத்துக்கு வேண்டிய சரக்கைத் தாங்களே சுமந்து வருகின்றன. அவுட்லுக் அதை விண்டோஸிடம் கடன் வாங்குகிறது. இந்தக் குறியாக்க முறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். விண்டோஸ் 7க்கு டிஎல்எஸ் 1.2 தெரியும் என்றாலும், இப்படிக் கடன் கேட்கும் பல மென்பொருள்களுக்கு அது இயல்பாக எடுத்துக் கொடுப்பது பழைய டிஎல்எஸ் 1.0தான். கேபி3140245 என்ற அப்டேட்டைப் போட்டு, விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியிலும் மாற்றினால்தான் 1.2 வரும். மெயில் சர்வர்கள் 1.0ஐ ஏற்பதை நிறுத்திவிட்டன. 2021 மார்ச்சில் இணையத் தர அமைப்பே 1.0, 1.1 இரண்டையும் கைவிடச் சொல்லிவிட்டது.

அதைச் சரிசெய்தாலும் அடுத்த கதவு மூடியிருக்கும். வெறும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போகும் முறையைப் பெரிய மெயில் சேவைகள் மூடிவிட்டன. மைக்ரோசாஃப்ட் தன் வணிக மெயிலில் 2022 அக்டோபரிலிருந்து அதை அணைக்கத் தொடங்கியது. புதிய உள்நுழைவு முறை அவுட்லுக் 2010க்குத் தெரியாது. ஆகவே அவுட்லுக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் தொல்லைகள். நான் கவலைப்படுவது கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி. இந்தக் கணினியில் வங்கிக்கு இன்றோடு போகாதீர்கள்.

செங்கதிர் எழுதியது:

> இந்தக் கணினியில் வங்கிக்கு இன்றோடு போகாதீர்கள்.

இது தேவையில்லாத பயமுறுத்தல் என்று நினைக்கிறேன். விண்டோஸ் 7 வந்த காலத்திலிருந்து அதைத்தான் வைத்திருக்கிறேன். நல்ல ஆன்டிவைரஸ் இருக்கிறது, கண்ட இடத்தில் கிளிக் செய்வதில்லை, ரௌட்டருக்குப் பின்னால்தான் இருக்கிறேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. நல்ல நிலையில் ஓடும் கணினியைத் தூக்கிப் போட வைக்கிறார்கள். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம், இந்தப் பிராசஸர் ஆகாதாம். நன்றாக உழைக்கும் எத்தனை கணினிகள் இதனால் குப்பைக்குப் போகின்றன என்று யோசித்துப் பாருங்கள். என் பழைய கணினியை யார் வந்து குறிவைக்கப் போகிறார்கள்?

வேலன்_பிணையம் எழுதியது:

செங்கதிர் ஐயா, குப்பை பற்றிச் சொன்னது முழுக்க நியாயம். அதில் உங்கள் பக்கம்தான் நானும். ரௌட்டர் பற்றியும் சரி. வெளியிலிருந்து நேராகத் தட்டும் கதவுகளை அது மறைக்கிறது. 2003இல் பிளாஸ்டர், 2004இல் சாஸர் புழுக்கள் எக்ஸ்பி கணினிகளில் சும்மா இணைந்திருந்தாலே புகுந்தன. அந்த நிலை இன்று ரௌட்டருக்குப் பின்னால் இருப்பவருக்கு இல்லை.

ஆனால் மூன்று இடங்களில் உடன்பட முடியவில்லை.

யாரும் ஆளைப் பார்த்துக் குறிவைப்பதில்லை. மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் திருத்தங்களை வெளியிடுகிறது. திருத்துவதற்கு முன்பிருந்த கோப்பையும் பின்பு வந்த கோப்பையும் ஒப்பிட்டால் ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். விண்டோஸ் 10, 11இல் இருக்கும் நிரல்களில் கணிசமானவை 7இலிருந்து வந்தவை. அங்கே அடைபட்ட ஓட்டை இங்கே அப்படியே திறந்திருக்கலாம், இனி அடைக்க ஆள் கிடையாது. ஆதரவு முடிந்த இயங்குதளம் அப்படியே உறைந்து நிற்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் மாதாமாதம் அது இன்னும் பலவீனமாகிறது.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டைக்கான திருத்தம் 2017 மார்ச் 14இலேயே வந்துவிட்டது. தாக்குதல் மே 12இல். அடிபட்டவை பெரும்பாலும் விண்டோஸ் 7 கணினிகள். அப்போது 7க்கு ஆதரவு இருந்தது, அப்டேட் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. வலையமைப்பில் ஒரு கணினிக்குள் வந்தால் பக்கத்துக் கணினிக்குத் தானே தாவியது. உங்கள் ரௌட்டர் வெளிக்கதவைத்தான் பார்க்கிறது. வீட்டுக்குள் வரும் விருந்தாளியின் லேப்டாப்பை அது பார்ப்பதில்லை.

மூன்றாவது பிரவுசர். 2019 மார்ச்சில் கூகுள் ஒரு தாக்குதலை வெளியே சொன்னது. குரோமில் ஒரு ஓட்டை, விண்டோஸின் உட்கருவான கெர்னலில் ஒரு ஓட்டை, இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தியிருந்தார்கள். பிரவுசர் தன் பக்கங்களை ஒரு கூண்டுக்குள் வைத்துத்தான் ஓட்டும். உள்ளே ஏதாவது நுழைந்தாலும் வெளியே வர முடியாது. அந்தக் கூண்டை உடைக்க உதவியது விண்டோஸின் ஓட்டை. அது நடப்பதாக அவர்கள் கண்டது 32 பிட் விண்டோஸ் 7இல் மட்டும்தான். கயல் அவர்கள் வைத்திருப்பது அதே இனம். அப்போது 7க்கு ஆதரவு இருந்ததால் சில நாளில் திருத்தம் வந்தது. இன்று அப்படி ஒன்று வந்தால்?

செங்கதிர் எழுதியது:

கெர்னல் விஷயம் நான் யோசிக்காத கோணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஆன்டிவைரஸ் பிடிக்காதா? அதற்குத்தானே இருக்கிறது.

பழுது_நீக்கி எழுதியது:

பிடிப்பதும் உண்டு, விடுவதும் உண்டு. ஓட்டையை அது அடைக்காது, உள்ளே வந்த பொருளை அடையாளம் கண்டால் தடுக்கும். அதுவும் உங்கள் இயங்குதளத்துக்கு அந்த நிறுவனம் புதிய பதிப்பு தருகிற வரைக்கும்தான்.

"ஒன்றும் ஆகவில்லை" என்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பது மட்டும்தான் சத்தம் போடும். இப்போது அதிகம் உலவுவது திருடிக்கொண்டு போகும் வகை. வரும், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கீகளையும் (நீங்கள் உள்நுழைந்திருப்பதைத் தளம் நினைவில் வைக்கும் சிறு கோப்புகள்) அள்ளும், போய்விடும். கணினி மெதுவாகக்கூட ஆகாது. குக்கீ போனால் ஓடிபிகூடக் காப்பாற்றாது, ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்த நிலைதான் களவு போகிறது. குரோம் 2024 ஜூலையில் 127ஆம் பதிப்பில் குக்கீகளுக்குக் கூடுதல் பூட்டு ஒன்றைப் போட்டது. அதையும் உடைக்கப் பார்க்கிறார்கள்தான், ஆனால் 109இல் அந்தப் பூட்டே கிடையாது. உங்கள் பயனர் கணக்கில் ஓடும் எந்த நிரலும் எடுத்துப் படித்துவிடலாம்.

பழைய கணினிகளில் கிருமி வரும் வழியில் நான் அதிகம் பார்ப்பது இன்னொன்று. ஏதாவது மென்பொருள் வேண்டும், புதியது ஏறாது, பழைய பதிப்பை அதைச் செய்த நிறுவனம் தளத்திலிருந்து எடுத்திருக்கும். தேடுகிறோம். முதலில் வரும் ஏதோ ஒரு பதிவிறக்கத் தளத்தில் பச்சை பொத்தான். அதை அழுத்துகிறோம். ஓட்டை, கெர்னல் எதுவும் தேவைப்படவில்லை, நாமே கதவைத் திறந்துவிட்டோம். டிரைவர் அப்டேட்டர் என்று வருகிறவை இதில் மிக மோசம்.

தேன்_எழுத்து எழுதியது:

இதோடு சேர்த்து ஒன்று. பழைய கணினியில் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். "சான்றிதழ் சரியில்லை", "பிரவுசர் பழையது", "தொடரவா?" என்று. நாளாக ஆக, படிக்காமலே "மேம்பட்டவை", "தொடர்க" என்று கை தானாகப் போகிறது. பிறகு உண்மையிலேயே போலித் தளம் ஒன்று வந்தாலும் அதே கை அதே இடத்துக்குத்தான் போகும். "உங்கள் பிரவுசர் பழையது, இங்கே அப்டேட் செய்யுங்கள்" என்று போலிப் பக்கம் காட்டுவது பழைய தந்திரம். புதிய கணினிக்காரர் சந்தேகப்படுவார். நம் கணினி உண்மையிலேயே பழையது என்பதால் நாம் நம்பிவிடுவோம். என் அம்மாவின் கணினியில் எனக்கு இதுதான் பெரிய கவலையாக இருந்தது.

புதியவன்_23 எழுதியது:

விண்டோஸ் 7ஐ ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டால் சரியாகிவிடாதா?

பழுது_நீக்கி எழுதியது:

இன்னும் மோசமாகும் தம்பி. சர்வீஸ் பேக் 1 டிஸ்க் 2011ஆம் ஆண்டு நிலையைத்தான் கொடுக்கும். உள்ளே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8. அதில் இன்றைய தளங்கள் பெரும்பாலும் திறக்காது, பிரவுசரை இறக்கவே இன்னொரு கணினி வேண்டும். விண்டோஸ் அப்டேட்டும் பிழைதான் கொடுக்கும். 2019இல் அப்டேட்களின் கையொப்பத்தை ஷா-1இலிருந்து ஷா-2க்கு மாற்றினார்கள். கேபி4474419ஐக் கையால் போடும் வரை புதிய கையொப்பத்தை அந்த விண்டோஸ் ஏற்காது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த திருத்தங்களையும் இழந்து நிற்பீர்கள்.

கயல்_அச்சு எழுதியது:

பேட்டரி மாற்றிவிட்டேன். சான்றிதழ் பிழை நின்றுவிட்டது, மிக்க நன்றி. கடவுச்சொற்கள் எல்லாம் குரோமில்தான் சேமித்திருக்கின்றன, படித்ததும் பயமாகிவிட்டது. குரோமை விட்டு ஃபயர்பாக்ஸுக்கு மாறினால் போதுமா? ஸ்கேனர் இல்லாமல் என் வேலை நடக்காது.

வேலன்_பிணையம் எழுதியது:

இன்றைக்கு மாற வேண்டிய கட்டாயத்தில் ஃபயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) மேல். விண்டோஸ் 7க்கு அதுதான் கடைசிக் கிளை. அதன் ஆதரவைப் பல முறை நீட்டித்தார்கள். 2023 செப்டம்பரில் வெப்பி (WebP) என்ற வகைப் படங்களில் ஒரு மோசமான ஓட்டை வந்தது, படத்தைப் பார்த்தாலே போதும் என்ற வகை. ஃபயர்பாக்ஸ் 115 வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் 7இலும் உடனே திருத்தம் கிடைத்தது. இருந்தாலும் இது இடைக்கால ஏற்பாடுதான். பிரவுசர் புதியதாக இருந்தாலும் அதன் கீழே இருக்கும் கெர்னல் பழையதுதான்.

உங்கள் கேள்வி ஸ்கேனர். அந்தக் கணினியைத் தூக்கிப் போட நான் சொல்லவே மாட்டேன். ஸ்கேனர் ஓடட்டும், பேஜ்மேக்கர் ஓடட்டும், இன்னும் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் ஓடட்டும். அந்த விண்டோஸ் இணையத்தில் இருக்க வேண்டாம் என்பதுதான். இரண்டு வேலையையும் ஒரே இயங்குதளத்தின் தலையில் ஏற்றியதுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர்.

கணியன்_பெங்குவின் எழுதியது:

அக்கா, உங்கள் கணினியிலேயே செய்யலாம். கோர் 2 டுவோ 64 பிட் பிராசஸர், நீங்கள் போட்டிருக்கும் விண்டோஸ்தான் 32 பிட். இது முக்கியம், ஏனென்றால் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான டெபியன் 13கூட 32 பிட் கணினிகளில் நிறுவுவதை விட்டுவிட்டது. இன்னொரு வகையான 64 பிட் லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடும்.

இப்போதிருக்கும் ஹார்ட் டிஸ்கைத் தொடவே தொடாதீர்கள். சிறிய எஸ்எஸ்டி ஒன்றைத் தனியாகப் பொருத்துங்கள். லினக்ஸை அதில் நிறுவும்போது பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள், தவறி அழிக்க வாய்ப்பே இருக்காது. பிறகு இரண்டையும் மாட்டி, கணினி கிளம்பும்போது எதில் போவது என்று பூட் மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். இணையம், மெயில், வங்கி லினக்ஸில். ஸ்கேன், பேஜ்மேக்கர் விண்டோஸில். விண்டோஸ் பக்கம் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டை டிஸேபிள் செய்துவிடுங்கள்.

ஸ்கேன் செய்த கோப்புகளை மாற்ற பென்டிரைவ்கூட வேண்டாம். விண்டோஸ் டிஸ்கை லினக்ஸ் நேராகத் திறக்கும். ஒன்று கவனம்: விண்டோஸை ஹைபர்னேட் செய்யாமல் முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் அந்த டிஸ்கில் எழுத லினக்ஸ் மறுக்கும், படிக்க மட்டும் விடும்.

ஒரு இயங்குதளத்துக்குள் இன்னொன்றை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் விண்டோஸ் 7ஐ ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். பிராசஸரில் அதற்கு உதவும் விடி-எக்ஸ் வசதி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், கோர் 2 டுவோவில் எல்லா மாடலிலும் அது இல்லை. 4 ஜிபியில் இரண்டு இயங்குதளமும் திணறும். பெரிய ஏ3 ஸ்கேனுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

செங்கதிர் எழுதியது:

விண்டோஸ் 11ஐயே குறுக்கு வழியில் போட்டுவிடலாமே? சோதனையைத் தாண்டவைக்கும் கருவிகள் இருக்கின்றனவே.

கணியன்_பெங்குவின் எழுதியது:

கோர் 2 டுவோவில் முடியாது ஐயா. டிபிஎம் சோதனையைத் தாண்டலாம், ஆனால் 24எச்2 பதிப்பிலிருந்து பிராசஸரில் எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் இல்லாவிட்டால் விண்டோஸ் கிளம்பவே கிளம்பாது. கோர் ஐ வரிசையிலிருந்துதான் அது உண்டு. ஒருவேளை கிளம்பினாலும் ஸ்கேனர் போய்விடும், 32 பிட் டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது.

நூலகன் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எனக்கு விண்டோஸ் 10. நானும் பயப்பட வேண்டுமா?

வேலன்_பிணையம் எழுதியது:

அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. தனிநபர்களுக்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்திருக்கிறார்கள், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிந்துகொள்ளலாம். தானாகச் சேராது, நீங்கள்தான் போய்ப் பதிய வேண்டும். அந்த அவகாசத்துக்குள் மாற்று ஏற்பாட்டை முடிவு செய்துவிடுங்கள், கடைசி வாரம் வரை தள்ள வேண்டாம்.

கயல்_அச்சு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எஸ்எஸ்டி போட்டு மின்ட் நிறுவியாயிற்று. வெள்ளையாக வந்த தளங்கள் திறக்கின்றன. மெயிலுக்கு தண்டர்பேர்ட் வைத்தேன், பிரவுசர் சன்னல் ஒன்று திறந்து உள்நுழையச் சொன்னது, எல்லாம் இறங்கிவிட்டது. ஸ்கேனரை லினக்ஸ் கண்டுகொள்ளவில்லை, பரவாயில்லை, விண்டோஸில் முன்பு போலவே ஓடுகிறது. நெட்வொர்க் கார்டை டிஸேபிள் செய்துவிட்டேன்.

அச்சகத்திலிருந்து ஆட்கள் பென்டிரைவில் கோப்பு கொண்டுவருவார்கள். அதை விண்டோஸில் போடலாமா?

பழுது_நீக்கி எழுதியது:

லினக்ஸில் போடுங்கள். வேண்டிய கோப்பை மட்டும் எடுத்து விண்டோஸ் டிஸ்கில் ஒரு ஃபோல்டரில் வையுங்கள். இணையம் இல்லாத கணினிக்குப் பென்டிரைவ்தான் வாசல். கான்ஃபிக்கர் புழு அப்படியும் பரவியது. விண்டோஸ் 7இல் பென்டிரைவ் செருகியதும் தானாக ஓடும் வசதி ஏற்கெனவே அணைந்துதான் இருக்கும். ஆனால் சாதாரணக் கோப்பு போலவே ஐகான் வைத்த இஎக்ஸ்இயை (ஓடக்கூடிய நிரலை) மனிதக் கைதான் திறக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் கோப்பு நீட்சிகளைக் காட்டச் சொல்லி வையுங்கள்.

வேலன்_பிணையம் எழுதியது:

கயல், இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மெயில், வங்கி இரண்டின் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள், அதை லினக்ஸ் பக்கத்திலிருந்து செய்யுங்கள். முதலில் மெயில், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் மீட்கும் வழி அதன் வழியாகத்தான் போகிறது. மாற்றியதும் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்துங்கள். பழைய குக்கீ யாரிடமாவது இருந்தாலும் செல்லாமல் போகும். அதன் பிறகு விண்டோஸில் குரோமைத் திறந்து, சேமித்த கடவுச்சொற்களை எல்லாம் அழித்துவிட்டு, குரோமையே நீக்கிவிடுங்கள்.

கயல்_அச்சு எழுதியது:

மெயில் முடிந்தது. வெளியேற்றும் பக்கத்தில் பார்த்தால் எப்போதோ விற்ற பழைய போன் ஒன்றும் இன்னும் உள்நுழைந்த நிலையிலேயே இருந்தது, அதையும் நீக்கிவிட்டேன். இப்போது வங்கிக்குப் போகிறேன்.